தலைக்கு வந்தது

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது நம்மவர் பழமொழி. பெரிய ஆபத்து ஒன்று சிறிய இழப்போடு நீங்கிவிட்டால் பெரியவர்கள் இப்படிச் சொல்லி ஆறுதல் அடைவார்கள். என் தலைக்கு வந்ததோ தலைப்பாகையோடு போகவில்லை. வந்தது வந்தபடியே, குடிக்கூலி எதுவும் கொடுக்காமல், என் தலையில் குடியிருந்து வருகிறது. வரும் ஐப்பசியோடு இரண்டு ஆண்டுகள் நிறைகின்றன.

இதைப் பற்றி நம் சங்க மலரில் எழுதுவேன் என்று சென்ற மாதம் வரை நான் நினைத்ததில்லை. மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது வேதியியலைப் பற்றி ஒரு கட்டுரை. ஆனால் ஹோலிப் பண்டிகை கழிந்து, தில்லியில் மின்விசிறிகள் சுழலத் தொடங்கிய பிறகும் கம்பளித் தொப்பியைக் கழற்றாத ஓர் இளைய நண்பர், விடுதி உணவுக்கூடத்தில் என் எதிரே வந்து அமர்ந்தார். நெடுநேரம் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அண்ணே, உங்களுக்கு எந்த மருந்திலே குணமாச்சு?" என்று மெல்லக் கேட்டார். சுற்றிலும் தட்டுகளின் ஓசை. அங்கே என்னால் விடை சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய விடைதான் இந்தக் கட்டுரை. மற்ற நண்பர்களும் உடன் இருந்து கேட்கலாம்.

நான் திருநெல்வேலிச் சீமையில் தாமிரவருணிக் கரையில் பிறந்து வளர்ந்தவன். முதுநிலை வேதியியல் படிப்பதற்காக 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தில்லிக்கு வந்தேன். அந்த ஆண்டு ஐப்பசியில் காதுக்கு மேலே, ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில், ஓர் இடத்தில் அரிப்பு ஏற்பட்டது. சொறிந்தால் வெள்ளி நிறச் செதில்கள் உதிர்ந்தன. பொடுகு என்று எண்ணிக்கொண்டேன். தில்லியின் உப்பு நீரையும் வறண்ட காற்றையும் பழித்துவிட்டுச் சும்மா இருந்தேன். மார்கழி பிறப்பதற்குள் அந்த ஒரு ரூபாய் வட்டி போட்டு வளர்ந்து பிடரி வரைக்கும் பரவிவிட்டது. கருநீலச் சட்டைகள் பெட்டியின் அடிக்குப் போயின; வெள்ளைச் சட்டைகள் மேலே வந்தன. ஆய்வுக்கூடத்தில் எப்போதும் சுவரில் முதுகு படும்படி நின்றேன். பின்னால் ஆள் இல்லையென்றால் என் தோளை யார் பார்க்கப் போகிறார்கள்?

நோய் என்று வாயைத் திறந்தால் போதும். வைத்தியர் அல்லாதவர் இந்த உலகத்தில் எவருமே இல்லை. பாரதத்தின் ஒருமைப்பாட்டைப் பற்றி மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். அதை என் தலையிலேயே கண்டேன். பாட்னா நண்பர் கடுகெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துக் கொடுத்தார். கேரள நண்பர் செம்பருத்தி இலையைக் கசக்கித் தாளி செய்தார். பஞ்சாபி நண்பர் புளித்த தயிரைப் பூசி அரைமணி நேரம் அசையாமல் உட்காரச் சொன்னார். நாகபுரி நண்பர் வேப்பிலை வேகவைத்த தண்ணீர் கொண்டுவந்தார். வங்காளத்து நண்பரோ எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கித் தம் கையாலேயே தேய்த்துவிட்டார். வெடித்திருந்த தோலில் அந்தச் சாறு பட்டதும் நான் போட்ட கூச்சலில் விடுதிக் காப்பாளரே ஓடி வந்துவிட்டார். எல்லாரும் அன்பினால்தான் செய்தார்கள். ஆனால் எந்த மருந்தின் பலனும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. தயிரும் கடுகெண்ணெயும் கலந்த மணம் தாங்காமல் என் அறைத் தோழர் டிசம்பர்க் குளிரில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தார்.

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. தொலைபேசியில் குரல்தானே போகிறது, தலையா போகிறது? முகம் பார்த்துப் பேச அழைத்தபோதெல்லாம், "இணைப்புச் சரியில்லை அம்மா" என்று பொய் சொன்னேன்.

2025 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போனேன். பக்கத்துக் கடைத்தெருவில் ஒரு சிறிய கடை. முன்பு இரண்டு மூன்று முறை போன இடந்தான். கடைக்காரர் கழுத்தைச் சுற்றித் துணியைப் போர்த்தினார். தண்ணீர் தெளித்தார். சீப்பை வைத்து முடியைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சீப்பைத் தனியே ஒரு குவளையில் போட்டார். "பாயி சாஹப், இது ஏதோ பீமாரி. எனக்கு மற்ற வாடிக்கைக்காரர்களும் இருக்கிறார்கள்" என்று இந்தியில் தாழ்ந்த குரலில் சொல்லித் துணியை அவிழ்த்தார். காத்திருந்த நால்வரும் கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள். ஈரத் தலையோடு எழுந்து வெளியே வந்தேன்.

கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் விடுதிக்குப் பாதி வழி வருவதற்குள் வேறொரு நினைவு வந்து அந்தக் கோபத்தை விழுங்கிவிட்டது. ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். அவன் கைகளில் வெண்புள்ளிகள் தோன்றத் தொடங்கியிருந்தன. ஒருநாள் நான் எழுந்து, "சார், நான் வேற பெஞ்சிலே உக்காந்துக்கிடுதேன்" என்றேன். காரணத்தை ஆசிரியரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வகுப்பு முழுவதும் அறிந்த காரணம் அது. அவன் ஒன்றும் பேசவில்லை. நான் எழுந்த இடத்தில் தன் புத்தகப் பையை எடுத்து வைத்துக்கொண்டான். வெண்புள்ளி ஒட்டாது என்பது எனக்கு அன்று தெரியாது. என் தலையில் இருப்பது ஒட்டாது என்பது கடைக்காரருக்கு இன்று தெரியாது. அவருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? அவராவது தாழ்ந்த குரலில் சொன்னார்.

மறுநாள் காலை ஓர் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போய் வரிசையில் நின்றேன். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு என் முறை வந்தது. மருத்துவர் வயது முதிர்ந்த அம்மையார். தலையைப் பார்த்தார், முழங்கையைக் காட்டச் சொன்னார், பிறகு நகங்களைக் கேட்டார். தலையைக் காட்ட வந்தவனிடம் நகத்தைக் கேட்கிறாரே என்று வியந்தபடி கையை நீட்டினேன். என் நகங்களில் குண்டூசியால் குத்தினாற்போல் சிறுசிறு குழிகள் இருந்ததை அன்றுதான் நானே பார்த்தேன். "சொரியாசிஸ்" என்றார் அவர்.

சொறி என்ற நம் சொல்லுக்கு அருகில் வரும் பெயர் ஆகையால், இதைத் தமிழ்ப் பெயர் என்று எண்ணுவோரும் உண்டு. அது அரிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் சித்த மருத்துவம் இதைக் காளாஞ்சகப்படை என்கிறது. நல்ல தோலில் அடியிலே பிறக்கும் உயிரணு முதிர்ந்து மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இந்நோயில் அந்தப் பயணம் நாலைந்து நாட்களில் முடிந்துவிடுகிறது. பழையது போவதற்குள் புதியது வந்து நெருக்க, செதில் செதிலாகத் தடிக்கிறது. இதற்குக் காரணம் அழுக்கும் அன்று, கிருமியும் அன்று. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், திருடன் இல்லாத வீட்டில் ஓயாமல் ஊதல் ஊதும் காவற்காரனைப் போலத் தோலைக் கிளப்பிவிடுகிறது. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. குளிர், மனக்கவலை, தொண்டைப் புண் முதலியவை தூண்டிவிடும். முற்காலத்தில் இதைத் தொழுநோயோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார்கள். 1841-இல் வியன்னா மருத்துவர் ஹெப்ரா இரண்டும் வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். 2014-இல் உலகச் சுகாதாரப் பேரவை, இது தொற்றாத நீடித்த நோய் என்று தீர்மானமே நிறைவேற்றியது. சீப்பினால் பரவாது, தலையணையால் பரவாது, தொட்டாலும் பரவாது.

"எப்போது தீரும், டாக்டர்?" என்று கேட்டேன்.

"கட்டுப்படும். சில வேளை முழுவதும் மறைந்தும் போகும். மறுபடி வரலாம். அடியோடு தீர்த்துவிடும் மருந்து இன்னும் இல்லை" என்றார்.

அவர் எழுதிக் கொடுத்தவை மூன்று: தலைக்குத் தேய்த்துக் குளிக்க, நிலக்கரித் தார் கலந்த ஷாம்பு, சில வாரங்கள் மட்டும் தடவ ஒரு ஸ்டீராய்டு மருந்து, பிறகு தொடர்வதற்கு வைட்டமின் டி வழிவந்த களிம்பு. தார் பழைய மருந்து. 1925-இல் கோக்கர்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் அதோடு புற ஊதா ஒளியையும் சேர்த்துக் கொடுக்கும் முறையை வெளியிட்டார். மருந்து நல்ல மருந்துதான். மணம்தான் புதிதாகப் போட்ட சாலையின் மணம். குளித்துவிட்டு வந்தால், நகராட்சியார் உன் தலைவழியே பாதை போடுகிறார்களா என்று அறைத் தோழர் கேட்பார். இரண்டு மாதத்தில் செதில் பாதியாகக் குறைந்தது.

இந்த இடத்தில்தான் நான் பெரிய மூடத்தனம் ஒன்றைச் செய்தேன். பாதி குறைந்ததைப் பார்த்து நான் மகிழவில்லை. "தீர்த்துவிடும் மருந்து இல்லை" என்ற சொல்லே இரவும் பகலும் காதில் ஒலித்தது. 22 வயதில் ஆயுள் முழுவதையும் ஒரு நோய்க்கு எழுதிக் கொடுக்க எவனுக்கு மனம் வரும்? மார்ச் மாதத்தில் ஒரு சுவர் விளம்பரம் கண்ணில் பட்டது. "அடியோடு குணம், உத்தரவாதம்" என்றிருந்தது. போனேன். 3,000 ரூபாய்க்கு, காகிதத்தில் மடித்த பொடிப் பொட்டலங்கள் கிடைத்தன. காலையும் மாலையும் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "மூலிகை" என்று ஒரே சொல்லில் விடை வந்தது.

நண்பர்களே, வாரந்தோறும் ஆய்வுக்கூடத்தில் பெயர் தெரியாத உப்பை என் கையில் கொடுத்து, இதில் என்னென்ன இருக்கின்றன என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். கரைத்தும் காய்ச்சியும் வடிகட்டியும் அமிலம் விட்டும் பார்த்து, ஐயமறத் தெரிந்த பிறகுதான் குறிப்பேட்டில் எழுதுவேன். அப்படிப்பட்ட நான், பெயர் தெரியாத பொடியை ஆறு வாரம் வாயில் போட்டு விழுங்கினேன். தெருவில் உள்ள உப்பின்மேல் காட்டிய ஐயத்தை என் வயிற்றுக்குள் போவதன்மேல் காட்டவில்லை.

பத்தே நாளில் தலை பளிங்குபோல் ஆயிற்று. பசி மிகுந்தது, முகம் உப்பியது. நலம் வந்துவிட்டது என்று மார்தட்டிக்கொண்டு மருத்துவமனை மருந்துகளை ஒதுக்கினேன். பொட்டலம் தீர்ந்தது. தீர்ந்த இரண்டாம் வாரம், தலையில் மட்டும் இருந்தது முதுகிலும் மார்பிலும் கால்களிலும் புறப்பட்டது. தேர்வு எழுதும்போது சட்டை உடம்பில் ஒட்டி உரிந்தது. தலை குனிந்தபடி அம்மையாரிடம் திரும்பிப் போனேன். அவர் திட்டவில்லை. "அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும். அதைத் திடீரென்று நிறுத்தினால் இப்படிச் சீறிக்கொண்டு வரும். மிச்சம் இருந்தால் கொண்டுவா" என்றார். மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தை வெட்கத்தால் முதல் நாளே குப்பையில் எறிந்திருந்தேன்.

மே மாத விடுமுறையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினேன். வீட்டில் முதல் நாள் இரவு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டே படுத்தேன். விடியற்காலையில் கண் விழித்தபோது துண்டு கீழே கிடந்தது. அம்மா என் தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா இது? எத்தன நாளா இருக்கு?"

ஏழு மாதம் என்றேன். அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "ஏழு மாசம் நீ ஒத்தையிலயா வச்சுக்கிட்டிருந்த?" என்று மட்டும் கேட்டார். நோய் பொறுக்க முடிந்த எனக்கு அந்தக் கேள்வி பொறுக்க முடியவில்லை.

ஆச்சி என் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துப் பார்த்தார். "இதுக்குப் போயா ராசா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? மலையடிவாரத்துல வெட்பாலை நிக்குல்லா?" என்றார். மறுநாளே இலை வந்தது. கிள்ளிப் போட்டுத் தேங்காயெண்ணெய் ஊற்றி, கண்ணாடிப் பாத்திரத்தில் மொட்டை மாடி வெயிலில் வைத்தார். நாளாக ஆக எண்ணெய் கருநீலமாக மாறியது. வெட்பாலை இலையிலிருந்து நீலச் சாயம் எடுப்பதுண்டு என்று படித்திருக்கிறேன். ஆச்சியின் பாத்திரத்தில் அதை நேரில் பார்த்தேன். இம்முறை விழுங்கிவிட்டுப் பிறகு விழிக்கவில்லை. தில்லி மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். தலையில் தடவலாம், எரிச்சல் கண்டால் நிறுத்திவிடு, என் மருந்தை நிறுத்தாதே என்றார். அந்த எண்ணெய் நோயைத் தீர்த்தது என்று நான் சொல்லமாட்டேன். செதிலை இளக்கியது, அரிப்பைத் தணித்தது, இரவில் உறங்க வைத்தது. மாலை வெயிலில் ஆச்சி அதைத் தேய்த்துவிடும்போது, வடக்கே ஒவ்வொருவரும் தொடத் தயங்கிய தலை இதுதானா என்று தோன்றும்.

அம்மாவுக்கு அது போதவில்லை. திருச்செந்தூர் முருகனுக்கு என் முடியை இறக்குவதாக நேர்ந்துகொண்டார். எனக்குப் பகீரென்றது. இந்நோய் உள்ள தோலில் கீறல் பட்டால் அந்தக் கீறலின் வழியே புதிதாகத் தோன்றும் என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே கெப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எடுத்துக்காட்டியிருக்கிறார். கத்தி படக்கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். அது உண்மை. மொட்டையடித்தால் உறவினர் அத்தனை பேரும் பார்ப்பார்களே என்பதும் உண்மை, அதைச் சொல்லவில்லை. அம்மா சிறிது நேரம் யோசித்தார். "முருகன் எங்க ஓடியா போறான்? தல ஆறட்டும். அப்புறம் இறக்குவோம்" என்றார். அந்த வேண்டுதல் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

முருகன் பொறுத்துக்கொண்டான், என் மனச்சாட்சி பொறுக்கவில்லை. என்னைச் சிறு வயது முதல் அறிந்த முடிதிருத்தும் பெரியவரை வீட்டுக்கு அழைத்துவந்து, இயந்திரத்தால் ஒட்ட வெட்டிவிடச் சொன்னேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அவர் நடுநடுவே கையை நிறுத்தி, "எரியுதா தம்பி?" என்று கேட்டாரே தவிர வேறொன்றும் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். மறைத்தது எல்லாம் தெரிந்தது. தொப்பி போடாமல் தெருவில் இறங்கினேன்.

நேரே பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள உரக்கடைக்குப் போனேன். ஏழாம் வகுப்புத் தோழனுடைய கடை அது. புள்ளிகள் இப்போது அவன் முகத்திலும் பரவியிருந்தன. அவன் என் தலையைப் பார்த்தான். கடைப் பெஞ்சில் சிறிது நகர்ந்து, "உக்காருல" என்றான். உட்கார்ந்தேன். "ஏழாங்கிளாசுல ஒருநாள்..." என்று தொடங்கினேன். முடிக்கவிடவில்லை. "தெரியும்ல. டீ சொல்லட்டுமா?" என்றான். தேநீர் வந்தது. மழையைப் பற்றியும் பாபநாசம் அணையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம்.

தில்லிக்குத் திரும்பியதும் மருத்துவரின் சீட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பழைய கடைக்கே போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், இது பரவாது என்று விளக்கினேன். கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, வெட்டுகிறேன். சீப்பு மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்" என்றார். அன்று முதல் சீப்பு என்னுடையது; கத்தரிக்கோல் அவருடையது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் ஈரத் தலையோடு எழுந்து வருவதில்லை.

இந்தக் குளிர்காலத்தில் நோய் மறுபடியும் தலைகாட்டியது. முதுகுக்கு வரவில்லை, காதுக்கு மேலே அதே ஒரு ரூபாய் இடத்தில் வந்து, மருந்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. இதில் நான் தனியாளும் அல்லேன். அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் 1989-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில், தம் தோலோடு ஆயுள் முழுவதும் நடத்திய போரைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார்.

ஆகையால், தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: எனக்குக் குணமாகவில்லை. ஆனால் எனக்கு நோய் ஒன்று, அதை மறைக்கும் நோய் ஒன்று என இரண்டு இருந்தன. இரண்டாவது போய்விட்டது, அது போன பிறகு முதலாவது பாதி பாரமாகிவிட்டது. உங்கள் தொப்பிக்குள் இருப்பது வெறும் பொடுகாகவும் இருக்கலாம். அதை நானும் சொல்லக்கூடாது. சுவர் விளம்பரமும் சொல்லக்கூடாது. விரல் மூட்டுகள் காலையில் வீங்கியோ விறைத்தோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சிலருக்கு இந்நோய் மூட்டுகளையும் பிடிப்பதுண்டு. ஆச்சி கொடுத்த எண்ணெயைத் தடவுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். உங்கள் அம்மாவிடம் இன்றிரவே சொல்லுங்கள்.

என் மருத்துவர் வியாழக்கிழமை காலையில் இருப்பார். வரிசை நீளம்; ஏழு மணிக்கே புறப்பட வேண்டும். மெட்ரோ நிலைய வாசலில் நான் காத்திருக்கிறேன். தொப்பியை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.